ஊரி வைத்த மேக்னெட்டோ

ஆடி 9, வியாழன்.

வீட்டுக் கொட்டகையில் நானே பிரித்துப் பூட்டும் பழைய இரண்டு சீட்டு ரேஸ் கார் இனி ஓடுமா, தெரியவில்லை. நேற்று மனைவியின் அத்தை மகன் எட்டிப் பார்த்தான். இந்தத் திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். "மேக்னெட்டோவ ஊரி வச்சிருங்க அண்ணாச்சி, நாளைக்கு வந்து பாக்கேன்" என்றான். நான் திருநெல்வேலிக்காரன். கழற்றி, மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். இன்று வந்தவன் தலையில் கைவைத்துக்கொண்டான். என்ஜினுக்குத் தீப்பொறி தர உள்ளே சுற்றிய கம்பியெல்லாம் போயிற்றாம்.

"ஊரின்னா மலையாளத்துல கழத்துறதுல்லா! அத்தான் ஊறப்போடவா சொன்னாவ?" என்று அவனைக் காட்டி இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் கூடச் சிரித்தான்.

கார் போனால் போகட்டும். கட்டிய நாளிலிருந்து எனக்கு "இந்தாங்க" மட்டும்தான். அவன் மட்டும் இவளுக்கு வாய்க்கு வாய் அத்தான்.