செவ்வந்தியின் கால் அளவு

கள்ளக்குறிச்சி,
9.11.1991

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் கண்ணகியின் வணக்கம்.

குடகில் மழை விட்டதா? காப்பித் தோட்டத்தில் அட்டை கடித்தால் சுண்ணாம்பு தடவிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நலம் என்று இந்த முறை எழுத முடியவில்லை. தங்கச்சி செவ்வந்தியை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள் ஆகிறது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு செவ்வந்தி வெளுத்துக்கொண்டே வந்தாள். சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றாள். அம்மா அடித்தும் விடவில்லை. ஆவணியில் நம் மலைக்கு, கரியாலூருக்கு, மருத்துவ முகாம் வந்தபோது ரத்தம் எடுத்தார்கள். சீட்டு கொண்டுவந்த நர்சம்மா, வயிற்றில் கொக்கிப்புழு இருக்கலாம், ஒரு வாரத்துக்குள் மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சியில் பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

உங்களுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டும் பச்சமுத்து மாமா, இனி வரும் வரிகளில் ஒன்றையும் விட்டுவிடாமல் படிக்க வேண்டும்.

சீட்டில் இயோசினோபில் முப்பத்தெட்டு சதவீதம் என்று இருந்தது. ஆறுக்குள் இருப்பதே வழக்கம். அவை புழுவோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் என்று பள்ளி நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். அதனால் அம்மாவிடம், பாப்பா உடம்பில் சிப்பாய்கள் ஆறு மடங்கு இருக்கிறார்கள், புழு தானே செத்துவிடும் என்றேன். சாமை அறுப்பு நேரம். அம்மாவும், "அப்ப இன்னாத்துக்குக் கீழ போறது, நீ படிச்சவ சொன்னா சரிதான்" என்று அறுப்புக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பூமாலை அத்தை மட்டும், "வூட்டுலயே டாக்டரு இருக்கு, ஊசி போட்டா எனக்கும் சொல்லு" என்று கேலி செய்தது.

பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஐந்து என்றும் அதே சீட்டில் இருந்தது. அதையும் படித்தேன். படித்தும் எனக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன். கீழே போனால் நானும் துணைக்குப் போக வேண்டும், காலாண்டுத் தேர்வு போய்விடும் என்று நினைத்தேன். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐப்பசியில் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. டோலி கட்டிச் சாலை வரைக்கும் தூக்கிவந்தோம்.

இங்கே தெய்வசிகாமணி டாக்டரிடம் சிப்பாய்க் கணக்கைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சிப்பாயிங்க ஜாஸ்தியானா எதிரி உள்ள பூந்துட்டான்னு அர்த்தம்மா, ஜெயிச்சிட்டாங்கன்னு யாரு சொன்னது" என்றார். கிருமி என்றால் அணுக்கள் விழுங்கிவிடுமாம். புழு அதற்குப் பெரியது. சுற்றி நின்று நஞ்சைக் கொட்டத்தான் முடியும். குடலும் வழவழப்பு நீரைச் சுரந்து தள்ளப் பார்க்குமாம். கொக்கிப்புழு குடலைக் கவ்விக்கொண்டு, அணுக்களை மந்தமாக்கும் ஏதோ ஒன்றையும் விட்டபடி ரத்தம் குடிக்கிறது. இரண்டு மாதம் அது குடிக்க நான் நேரம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது புழுவுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காதாம். பிழைப்பாளா என்று கேட்டேன். டாக்டர், அப்பா எங்கே என்று கேட்டார்.

அப்பா, உடனே புறப்பட்டு வாருங்கள். மலங்கழித்த ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாகத்தான் புழு ஏறுமாம். வரும்போது அவளுக்குச் செருப்பு வாங்கி வாருங்கள். நூலால் கால் அளவு எடுத்து இதில் வைத்திருக்கிறேன். கால் இப்போது வீங்கியிருக்கிறது. வடிந்துவிடும் என்று ஒரு விரற்கடை குறைத்து வெட்டியிருக்கிறேன். அந்த அளவுக்கே வாங்குங்கள்.

தங்கள் மகள்,
கண்ணகி