முதலாம் வகுப்பில் காலியாகப் போன இரண்டு இருக்கைகள்

மேற்பிரிவு,
மஸ்கெலியா.
14ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே அம்மாவும் நானும் சுகம், அம்மாவின் வலது முழங்கால் ஒன்றைத் தவிர. அங்கே டோஹாவில் நீயும் மாப்பிள்ளையும் தேகசுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்த மனுசனுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று யோசிப்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது, சொல்லவும் விடமாட்டாள். பக்கத்து லயத்து வீட்டு சர்மிளா லீவு முடிந்து வியாழக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தேயிலைத்தூள் இரண்டு பைக்கற்றும் அம்மா இடித்த மிளகாய்த்தூளும் அவளிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள், விட்டால் அவளே குழம்பு வைத்துவிடுவாள்.

இங்கே ஒரு கிழமையாக விடாத மழை. பின்னால் நான் போட்ட லீக்ஸ் பாத்தி பாதி அழுகிவிட்டது, மீதியை முள்ளம்பன்றி பார்த்துக்கொண்டது. நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் புதுத் தண்ணீர்க் குழாய் வந்திருக்கிறது, குழாய் வந்தது, தண்ணீர்தான் இன்னும் வரவில்லை. அம்மா கொல்லைக்கும் வாசலுக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், நடந்துகொண்டே என்னைத் திட்டவும் செய்கிறாள், அதனால் நீ பயப்படாதே. ஒப்பரேஷனுக்கு அடுத்த மாதம் இருபத்தேழாம் திகதி கொழும்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். வேன் பிடித்துப் போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னார், அவருக்கு என் அன்பைச் சொல், ஆனால் மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் வரும் வளைவுகளிலேயே உன் அம்மா மூன்று தடவை வாந்தி எடுப்பவள், கொழும்பு வரை வேனில் போனால் ஒப்பரேஷன் எனக்குத்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே ரயில்தான். எந்த வகுப்பில் சீட்டு எடுக்கட்டும் அப்பா என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். முதலாம் வகுப்பு வேண்டாம் மகள், ஏசி குளிர் அம்மாவுக்கு ஆகவில்லை, இரண்டாம் வகுப்பு போதும், ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் என்று பெரிய அனுபவசாலி மாதிரி சொன்னேன். அது பொய். அந்த ஏசிக் குளிரில் நானும் அம்மாவும் ஒரு நிமிசம்கூட உட்காரவில்லை.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், படித்துவிட்டுக் கோபம் வந்தால் வரட்டும். தை மாதம் முதல் தடவை டொக்டரைப் பார்க்கப் போனோமே, அன்றைக்கு நீ எடுத்துக் கொடுத்த முதலாம் வகுப்புச் சீட்டோடு ஹட்டன் ஸ்டேஷனில் ஒன்றரை மணித்தியாலம் முன்னாலேயே போய் நின்றோம். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலச்சேலை, நான் இஸ்திரி போட்ட சட்டை. ரயில் வந்தது, பெட்டியைக் கண்டுபிடித்தேன், அம்மாவைப் படிக்கட்டில் நிறுத்திவிட்டு இருக்கையைப் பார்க்க நான் மட்டும் உள்ளே போனேன். நம் இரண்டு இருக்கைக்கும் நேர் எதிரே ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். நம் தோட்டத்துப் பழைய பெரிய துரை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெள்ளை ஜீப்பில் வருவாரே, அவர்தான், தலை எல்லாம் நரைத்துவிட்டது. அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. யாரோ பயணி என்று நினைத்து, சிரித்து, இருக்கையில் வைத்திருந்த தன் பையை எடுத்து எங்களுக்கு இடம் விட்டார். அந்த மனுசன் மேல் ஒரு குற்றமும் கிடையாது. நான்தான், இருபத்தெட்டு வருசம் கங்காணியாக விடிகாலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் முன்னால் கையைக் கட்டி நின்றவன், ஜீப் சத்தம் கேட்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்து பாதையோர வடிகானுக்குள் இறங்கி வழிவிட்டவன். அவருக்கு எதிரே முழங்காலுக்கு முழங்கால் இடிக்க உட்கார வேண்டும் என்று நினைத்ததும் கால் தானாகப் பின்னால் போய்விட்டது. இறங்கி வந்து அம்மாவிடம், பெட்டி மாறிப்போச்சு, நம்ம சீட்டு அந்தப் பக்கம் என்று சொல்லி, நொண்டி நொண்டி வந்தவளை அந்த நீள மேடை முழுக்க நடத்திக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாம் வகுப்பில் ஏற்றிவிட்டேன்.

பதுளையிலிருந்தே நிறைந்து வந்த பெட்டி மகள், கால் வைக்க இடமில்லை. அம்மா கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வட்டவளை தாண்டும்போது அவள் உதடு வெளுத்துவிட்டது, நெற்றி எல்லாம் வேர்வை, அந்தக் குளிரில். நான் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு சிங்களப் பெண் அதைக் கவனித்துத் தன் இரண்டு பிள்ளைகளையும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அம்மாவைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீரும் கொடுத்தாள், அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சீட்டுப் பரிசோதகர் வந்தார். நம் சீட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்னால் இருக்கிற பெட்டியில் உங்கள் இரண்டு இருக்கையும் காலியாகப் போகிறதே, இங்கே ஏன் நிற்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். முப்பத்து நாலு வருசம் கொழுந்து எடுத்தவளுக்கு அவ்வளவு சிங்களம் தெரியாதா. என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் துரை இருந்த விசயத்தைச் சொன்னேன். நாவலப்பிட்டியில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும், இறங்கி அங்கே போய்விடலாம் என்றேன். கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைய விட்டீங்களே, இந்தப் புள்ள எனக்கு எடம் குடுத்துச்சு, இனி நான் எங்கயும் வரல்ல என்றாள். பேராதனையில் மெதுவாகச் சொன்னாள், முப்பத்தி நாலு வருசம் மலையில நின்னேன், இன்னிக்காவது ஒக்காந்து போகட்டும்னுதானே எம்புள்ள சீட்டு எடுத்துச்சு, ஒங்க வெக்கத்துக்கு என்னைய நிக்க வச்சுட்டீங்க என்று. எனக்கு அறுபத்தேழு வயதாகிறது, பெரட்டில் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன், எதுவும் இப்படிச் சுட்டதில்லை.

அன்றைக்குச் சாயந்தரம் நீ போன் எடுத்து, முதலாம் வகுப்பு எப்படிம்மா இருந்தது என்று ஆசையாகக் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, மெத்த மாதிரி இருந்துச்சும்மா, அப்பா தூங்கிட்டாரு, குளிர் மட்டும் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு என்றாள். என் மானத்தைக் காப்பாற்ற அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் சொன்ன பொய் அது. அப்படி இருந்தும் போன ஞாயிறு இரண்டாம் வகுப்பு போதும் என்று நான் சொன்னேன் பார், குளிருக்காக இல்லை, இன்னொரு துரை எதிரே வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்காக. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே மகள், இரண்டாம் வகுப்பு வேண்டாம், போகவும் வரவும் முதலாம் வகுப்பே எடு. திரும்பி வரும்போது காலை மடக்கக்கூடாது, நீட்டித்தான் வைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மற்ற வகுப்புகளில் நடைபாதையில் ஆள் நிற்பதும் வடைக்காரர் கூடையோடு போவதும் வருவதுமாக இருக்கும், ஒரு இடி பட்டால் போதும். முதலாம் வகுப்பில் அந்தத் தொல்லை இல்லை, கழிவறையும் சுத்தம் என்கிறார்கள். அம்மாவுக்கு ஜன்னலோரம் வேண்டாம், பார்க்காத தேயிலையா, நடைபாதைப் பக்கம் வலது கால் வருகிற மாதிரி பார்த்து எடு. குளிருக்கு நீ அனுப்பிய சுவெட்டர் இருக்கிறது, காதுக்கு என் மப்ளர் இருக்கிறது. முன்பதிவு ஒரு மாதம் முன்னால்தான் திறப்பார்களாம், திறந்த அன்றைக்கே எடுத்துவிடு, சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறார்கள்.

இன்று காலையில் அம்மாவிடம், முதலாம் வகுப்பே எடுக்கச் சொல்லப் போகிறேன், ஆனால் திரும்பவும் அப்படி யாராவது எதிரே இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, நீங்க எந்திரிச்சா எந்திரிங்க, நான் ஒக்காந்துதான் இருப்பேன் என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவளை ஒப்பரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான், அவள் உட்கார்ந்திருக்கும்போது நான் எந்தப் பெட்டியைத் தேடிப் போவேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, மனம் ஒத்து, யார் முன்னாலும் தலை குனியாமல் வாழ வேண்டும் என்று மாரியம்மனை வேண்டி ஆசீர்வதிக்கிறேன். வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. இதைப் படித்ததை அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, மெத்தை மாதிரி இருந்தது என்று அவள் சொன்னதை நம்பியவளாகவே இரு. எழும்பப் போகிற என்னைக் கையைப் பிடித்து இழுத்து வைக்க அவளுக்கு எட்ட வேண்டும், அதனால் இரண்டு இருக்கையும் ஒட்டி ஒட்டியே எடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அப்பா,
மு. சிவசாமி