ரிவர்ஸ் இல்லாத மெட்ராஸ் வழி

வண்டி நாறுகிறது. சத்தியமாக இந்தத் தடவை நான் வைக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணி. கொட்டாரம் ஊரின் வெயில் மொத்தமும் எங்கள் காரின் கறுப்புத் தகரத்தின்மேல் இறங்கி, உள்ளே இருக்கும் நெத்தோலிக் கருவாட்டை இரண்டாம் முறையாகக் காயவைத்துக்கொண்டிருக்கிறது. பின் சீட்டில், இடதுபக்க ஜன்னலோரம், உனக்கென்று பேசிவைத்திருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கருவாட்டு ஓலைப்பெட்டி என் மடியில். அதுதான் மேசை. அதன்மேல் தாளை வைத்து உனக்கு எழுதுகிறேன். நாளை விடிந்ததும் மெட்ராஸுக்குப் புறப்பாடு. கால்கள் இரண்டும் ஓரிடத்தில் இருக்கமாட்டோம் என்கின்றன. மூன்று தடவை இறங்கி டயரை உதைத்துப் பார்த்துவிட்டு ஏறிவிட்டேன். டயருக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான்.

நீ போய் இரண்டு மாதமாகிறது. பாதிக் கதை உனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்தே சொல்கிறேன், பாதியில் தொடங்கினால் "தலையில்லாத மீனு எதுக்குல எனக்கு?" என்பாய்.

மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் தம் நாட்டுக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன கார் இது. துரை போனார், கார் வந்தது, கூடவே அவருடைய நாயின் முடியும் வந்தது. அப்பா ஒரு மாதம் ஜவுளிக்கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு ஓட்டக் கற்றுக்கொண்டார். முன்னால் போகக் கற்றுக்கொண்டார். பின்னால் வருகிற கியரைத் தொட்டால் வண்டி, கழுத்தை நெரித்த மாதிரி கத்தியதால், அந்தக் கியரே தமக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்துவிட்டார். தெற்கே பார்த்து நிற்கும் வண்டியை வடக்கே பார்த்து நிறுத்த வேண்டுமென்றால் நேரே கன்னியாகுமரிக்குப் போவார். கடற்கரை வெளியில் ஒரு பெரிய வட்டம் போட்டுத் திரும்பி வருவார். போக மூன்று மைல், வர மூன்று மைல்.

"நாடு முடியுற எடத்துலதான் ஒங்கப்பா திரும்புவாரு, என்னா?" என்றாய் நீ. நான் அவருக்கு 'முன்னேற்றம்' என்று பெயர் வைத்தேன். ஒரு நாள் அவர் காதுபடவே, "முன்னேற்றம் வந்தாச்சா?" என்று என்னிடம் கேட்டாய். வியாபாரத்தைத்தான் விசாரிக்கிறாய் என்று நினைத்து, "வந்துக்கிட்டே இருக்குடே, எல்லாம் கடவுள் புண்ணியம்" என்றார் அப்பா. நாம் வாழைக்குலைக்குப் பின்னால் போய்ச் சிரித்து முடித்துவிட்டு வந்தோம்.

அவருக்குத்தான் மெட்ராஸ் ஆசை. அப்பா, அம்மா, அக்காள், நான். காரிலேயே போய், ஒரு வாரம் ஊர் பார்த்து, காரிலேயே வருவது. எங்கள் வம்சத்தில் யாரும் சொந்த வண்டியில் திருநெல்வேலியைத் தாண்டியதில்லை. போகிற வழியில் சிக்கலில்லை. நேரே போனால் போதும், அது அவருக்குக் கைவந்த கலை. போய்ச் சேர்ந்த பிறகுதான் வில்லங்கம். மெட்ராஸ் ஓர் ஊர் இல்லை, ஊர்களைக் கொட்டிப் பரப்பிவைத்த ஊர் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு தெருவில் தவறி நுழைந்தால் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு அங்கே கன்னியாகுமரி கிடையாது.

அதற்கு வழி கண்டவன் நீ. உன் மாமன் மெட்ராஸ் துறைமுகத்தில் இரண்டு வருடம் மூட்டை தூக்கியவர். ஆடி முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கோவளத்தில், உங்கள் கரையில், அவரைப் பிடித்து உட்காரவைத்தோம். அவர் சொல்லச் சொல்ல, கோயில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீ வரைந்தாய். இத்தனை தெருவை எப்படி நினைவில் வைப்பது என்று நான் தலையைச் சொறிந்தபோது சிரித்தாய்.

"ஏலே, கடல்ல ரோடு உண்டா?"

"இல்ல."

"பின்ன எங்க அப்பன் நேத்து மீனு கெடச்ச எடத்துக்கே இன்னைக்கும் எப்பிடிப் போறாரு?"

மருத்துவாமலை உச்சியும் மாதா கோயில் குருசும் ஒன்றன்மேல் ஒன்று வந்து நின்றால் அது ஒரு கோடு. பக்கவாட்டில் வேறு இரண்டு அடையாளங்கள் சேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்கிற இடம்தான் உன் அப்பா வலை போடுகிற இடம். உங்கள் ஆட்கள் கணியம் என்பார்கள். அதையே தூக்கி மெட்ராஸுக்குப் போட்டாய். ஐகோர்ட்டு உச்சியிலிருக்கும் வெளிச்சவீடு ஓர் அடையாளம். சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டு ஓர் அடையாளம். சாந்தோம் கோயில் கோபுரம் மற்றொன்று. ட்ராம் தண்டவாளம் நீரோட்டம் மாதிரி. கூடப் போகலாம், எதிர்த்துப் போகக்கூடாது. எல்லா வழியும் வட்டம். எந்த வட்டத்திலும் ஓர் அடிகூடப் பின்னால் வர வேண்டாம். தாளின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதினாய்: "வழி கொளம்பினா கடலுக்குப் போகவும். கரையில நம்ம ஆளு இருப்பாவ. நாலு பேரு தூக்கித் திருப்பி வச்சிருவாவ."

அப்பா அதை இரண்டு முறை படித்தார். "பய மண்டையில சரக்கு இருக்குடே. நீயும் எங்ககூட வா. பின் சீட்டுல ஜன்னலோரம் ஒனக்கு" என்றார். அன்று நீ வீட்டுக்கு நடந்து போகவில்லை. ஓடினாய்.

அதன்பிறகு வீட்டில் யாருக்கும் நிலைகொள்ளவில்லை. அம்மா ஒரு வாரத்துக்குச் சிவப்பரிசி கட்டிவைத்தாள். அரிசித் தட்டுப்பாட்டில், எல்லையிலிருக்கும் ஆரல்வாய்மொழிச் சாவடி வழியாக ஊர் உலகமெல்லாம் அரிசியை உள்ளே கடத்திக்கொண்டிருக்க, எங்கள் அம்மா மட்டும் வெளியே கடத்தப் பார்த்தாள். "அந்த ஊரு வெள்ளச் சோறு தொண்டையில எறங்காது" என்பது அவள் கட்சி. அக்காளோ மற்ற ஜன்னல் தனக்கென்று கைக்குட்டை விரித்துப் போட்டு, சாயங்காலம் ஆனால் ஓடாத வண்டியில் ஏறி மெட்ராஸ் போய்க்கொண்டிருந்தாள்.

அந்தக் கைக்குட்டைதான் என்னைக் கெடுத்தது. உன் அம்மா எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கருவாட்டை ஓலைப்பெட்டியோடு அக்காளின் சீட்டுக்கு அடியில் செருகினேன். உனக்குத் தெரியாது. ஒரு வேடிக்கை இருக்கிறது, சாயங்காலம் வா என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஆனால் அன்று மத்தியானம் அப்பா தாசில்தாரை அந்த சீட்டில் ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போனார். தாசில்தார் வெங்காயம்கூடச் சேர்க்காதவர். ஆவணி மாதத்து உச்சி வெயில். ஆறு மைல்.

சாயங்காலம் நீ வந்து நாம் வாசலில் நிற்கும்போதுதான் வண்டி திரும்பி வந்தது. தாசில்தார் மூக்கில் துண்டோடு இறங்கி, சொல்லிக்கொள்ளாமல் நடந்தே போனார். அப்பா சீட்டைத் தூக்கினார். பெட்டியை எடுத்தார். உன்னைப் பார்த்தார்.

"இது யாரு வீட்டுப் பெட்டில?"

"எங்க வீட்டுதுதான்."

நீ ஒரு முறை என்னைப் பார்த்தாய். நான் டயரைப் பார்த்தேன்.

"கடக்கரப் பயல வண்டிகிட்ட அண்ட விட்டேம்பாரு, என்னச் சொல்லணும். ஒன் புத்தியக் காட்டிட்டேல்லா? இனி மெட்ராஸும் வேண்டாம், ஒரு எளவும் வேண்டாம். போல இங்கருந்து."

ஒரு வார்த்தை கிடைத்தால் அதற்கு வாலும் கொம்பும் வைக்கிற நான், அன்று ஓர் எழுத்துகூடப் பேசவில்லை. மெட்ராஸ் திட்டம் போட்டவன் நீ. திட்டு வாங்கியவனும் நீயே. தெருமுனைவரை உன் பின்னால் வந்தேன்.

"சவத்த விடு மக்கா. நீன்னு தெரிஞ்சா தோல உரிச்சிருவாரு. எனக்கென்ன, பெட்டி எங்க வீட்டுதுதானே? பொய்யா சொன்னேன்?" காலண்டர் தாளை என் சட்டைப்பையில் செருகினாய். "போயிட்டு வந்து ட்ராமு எப்பிடின்னு சொல்லணும், கேட்டியா?"

அப்பா உன்னைத்தான் வேண்டாம் என்றார். உன் தாளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை என்னிடமிருந்து வாங்கி, காப்பி குடிக்கும்போதெல்லாம் விரித்துப் படித்தார். ஓணம் லீவில் போவதாக இருந்த பயணம், வண்டி ரிப்பேரால் கிறிஸ்துமஸ் லீவுக்குத் தள்ளிப்போனது. நாளைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று நானும் தள்ளினேன். தள்ளுகிற வண்டி எப்போது கிளம்பியிருக்கிறது?

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். நான் வந்து பார்க்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துவிட்டால் அப்பாவிடம் சொல்லியே ஆகவேண்டியிருக்கும் என்ற பயம். பத்தாம் நாள் முதல் மணியிலேயே பள்ளிக்கூடத்துக்கு லீவு என்றார்கள். நான்தான் முதலில் கைதட்டினேன். காரணத்தை அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

அடுத்த வாரம் பெஞ்சில் உன் இடத்தில் வேறொருவனை உட்காரச் சொன்னார் வாத்தியார். நான் அங்கே பலாச்சக்கைப் பிசினைத் தடவிவைத்தேன். அவன் எழுந்தபோது நிக்கர் எழவில்லை. எனக்குப் பிரம்படி ஆறு. மறுநாளும் தடவினேன். அப்புறம் யாரும் அங்கே உட்காரவில்லை.

நேற்றுக் காலை அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உன் ஜன்னலோரத்தில் அம்மா அரிசிப் பையை ஏற்றியிருந்தாள். அப்பா மூக்கைச் சுளித்தார். "இன்னும் போவலியே. அந்தப் பய பண்ணிட்டுப் போன வேல..." என்றவர், "செரி, இல்லாதவனச் சொல்லப்பிடாது. மன்னிச்சாச்சு" என்று தாமே முடித்தார். உன்னை மன்னித்துவிட்டாராம்! எதற்கு?

"அவன் வைக்கல. நான் வச்சேன்" என்றேன்.

துணி நின்றது. "என்னல சொன்ன?"

"அக்காளுக்கு வச்சேன். தாசில்தாருக்கு வைக்கல."

கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன். அடி விழவில்லை. விழுந்திருக்கலாம்.

"அவன்கிட்டக் கேட்டேனே. அவன் ஏம்ல சொல்லல?"

"யாரு வச்சான்னு நீங்க கேக்கலப்பா. யாரு வீட்டுப் பெட்டின்னுதான் கேட்டீங்க."

அப்பா துணியை முறுக்கிப் பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை. பிறகு கதவைத் திறந்து, "ஏறு" என்றார்.

கோவளம் ரோடு முடிந்து மணல் தொடங்குகிற உங்கள் சந்து உனக்குத் தெரியும். உள்ளே போனால் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். அப்பா அதற்குள் நேரே விட்டார். நான் வாயெடுத்தேன். "தெரியும்ல" என்றார்.

எல்லா வீட்டிலும் காகித நட்சத்திரம் தொங்கியது. உங்கள் வீட்டில் இல்லை. உன் அம்மா மீன் காயப்போட்டிருந்த பாயிலிருந்து எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பா இறங்கி, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒங்க பிள்ளைய நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அவன் செய்யாத காரியத்துக்கு. மெட்ராஸுக்கு வராண்டாம்னும் சொல்லிட்டேன்."

உன் அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள்.

"அப்பிடியா மொதலாளி? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. காய்ச்சல்ல கெடக்கும்போதும், 'லீவுக்குள்ள கொறஞ்சிரும்மா, ஜன்னலோரம் எனக்காக்கும்'னுல்லா சொல்லிட்டுக் கெடந்தான்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அவள் உள்ளே போய் ஓர் ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். "வழிக்கு வச்சிக்கிடுங்க. அங்க உள்ள மீனுக்கு நம்ம ருசி வராது." அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். அரிசிப் பையை எடுத்து வண்டியின் மேலே கட்டிவிட்டு, பெட்டியை ஜன்னலோரம் வைத்தார்.

திரும்ப வேண்டுமே! அப்பா வண்டியில் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கியரைப் போட்டார். வண்டி கத்தியது. சக்கரம் அரையடி மணலுக்குள் இறங்கியது. சத்தம் கேட்டு உன் மாமன் வந்தார். அவர் பின்னால் ஏழு பேர். அப்பா இறங்கப் போனார்.

"எறங்காண்டாம் மொதலாளி, சும்மா இரியும். கட்டுமரம் தூக்குற கைக்கு இது ஒரு பாரமா?"

தூக்கினார்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்துத் தூக்கினார்கள். அவர் ஸ்டியரிங்கை விடவே இல்லை, அந்தரத்திலும் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்கண்ணாடியில் கோயில் குருசு ஒரு பக்கமாக நகர்ந்து மறைந்தது, அப்புறம் மருத்துவாமலை வந்து நின்றது. வடக்கே பார்த்து இறக்கிவைத்தார்கள். நீ எழுதியபடியே எல்லாம். நாலு பேர் என்று போட்டிருந்தாய், எட்டுப் பேர் வேண்டியிருந்தது. அந்த ஒரு பிழைதான். நான் சிரித்தேன். உன் அம்மா வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைக்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன்.

உன் காலண்டர் தாள் இப்போது மறுபடியும் என் சட்டைப்பையில் இருக்கிறது. அப்பாவே கொடுத்துவிட்டார், வழி சொல்ல வேண்டியவன் நான்தானாம். கூடவே ஒரு வியாதியும் ஒட்டிக்கொண்டது. யாராவது எதையாவது தூக்கிக் காட்டி "இது யாரு?" என்று தொடங்கினால், கேள்வி முடிவதற்குள் என் வாய் திறந்துகொள்கிறது. இன்று காலை அக்காளின் சீப்பு உடைந்ததற்குக்கூட "நான்தான்" என்றுவிட்டேன். அது நானில்லை. பரவாயில்லை, இத்தனை நாள் மூடிக்கிடந்த வாய், கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே சாய்ந்து கிடக்கட்டும். ட்ராம் எப்படி என்று யாரிடம் வந்து சொல்வது, அதை மட்டும் நீ அந்தத் தாளில் எழுதவில்லை.

அப்பா வருகிறார். கையில் டயருக்குக் காற்றடிக்கிற பம்ப். என்னைப் பார்த்தார், மடியிலிருக்கும் பெட்டியைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு முறை மூச்சை இழுத்தார். இறங்கச் சொல்வார் என்று நினைத்தேன்.

"கண்ணாடிய ஏத்துல" என்றார். "ஈரக் காத்து பட்டா கருவாடு சவுத்துப் போவும்."

இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டேன்.