மூலையில் முளைக்கும் பெட்டி

ஆடி 8, வியாழன்

காலையிலிருந்து காற்று. மாடியில் போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டு மாடியில். வெயில் மட்டும் குறைந்தபாடில்லை.

இன்று முதல் நாட்குறிப்பு நோட்டில். இதுவரை கம்ப்யூட்டரில்தான் தட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அதில் சொந்தக் கதை எழுதப் பயம். காரணம் அந்தப் பெட்டி.

திரையின் வலது மூலையில் முளைக்கிறது. 'பின்னணியில் இயங்க ஒரு மென்பொருள் சேர்க்கப்பட்டுள்ளது.' பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ குப்பை. மூடினால் போகிறது. டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி. திங்கட்கிழமையிலிருந்து இதே ரோதனை.

யார் சேர்த்தது? நான் இல்லை. பின்னால் உட்கார்ந்து என்ன செய்கிறது? சும்மா இருக்கிறதா, நான் போடுவதை எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறதா?

வேறு சமயமாக இருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். இப்போது உள்ளே இருப்பது எனக்கு வேலை தரும் பட்டுக்கடை அம்மா மகளின் முகூர்த்தச் சேலை. ஆவணிக் கடைசியில் கல்யாணம். பார்டர், முந்தானை இரண்டுக்கும் டிசைன் நான். ஒரே ஒரு சேலைதான் நெய்வார்கள். நெய்து, அம்மன் காலடியில் வைத்து எடுக்கும்வரை வெளியாள் கண்ணில் படக்கூடாது. வேலையைக் கொடுக்கும்போதே சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வெளிய போச்சுன்னா வசந்தி, அப்பறம் இந்த ஊர்ல உனக்கு ஒரு பூ போடக்கூட யாரும் குடுக்கமாட்டாங்கமா. பாத்துக்கோ."

சும்மா சொல்லவில்லை. என் சிநேகிதி சரளாவுக்குப் போன வருஷம் அதுதான் ஆயிற்று. அவள் போட்ட டிசைன் கல்யாணத்துக்கு முன்பே வேறொரு கடைக் கண்ணாடிக்குள் தொங்கியது. எப்படிப் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனாலும் பழி அவள்மேல். என்னைவிடக் கை சுத்தமாகப் பூ போடுகிறவள், இப்போது கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். அவள் செய்திருக்கமாட்டாள் என்று ஊரில் சொன்ன ஒரே ஆள் நான்.

வாங்க: எண்ணெய், கற்பூரம், பிரிண்டர் மை.

ஆடி 9, வெள்ளி

அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியற்காலையிலேயே ஆரம்பம். தெருவில் கூழ். ஒரு சொம்பு வாங்கி வைத்தேன், குடிக்க மனசில்லை.

பார்டர் முக்கால்வாசி. முந்தானை இன்னும் பாக்கி. ஆடி 19, திங்கட்கிழமை அட்டை அடிக்கிற இடத்துக்குப் போயாக வேண்டும். அட்டையில் துளை போட்டால்தான் தறியில் பூ விழும்.

கடை அம்மா (இனி க.அ., கை வலிக்கிறது) போனில். "ஆனியிலயே முதல் புள்ளி வெச்சிட்டல்ல? ஆடியில ஆரம்பிக்கலையே?" வைத்துவிட்டேன் என்றேன்.

வைக்கவில்லை. ஆனிக் கடைசியில் எனக்குக் காய்ச்சல். எழுந்து பார்த்தால் ஆடி பிறந்துவிட்டது. கல்யாண வேலையை ஆடியில் தொடங்கினேன் என்று எப்படிச் சொல்வது? கம்ப்யூட்டரின் தேதியை ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றுக்குத் தள்ளி வைத்துவிட்டுப் புள்ளி வைத்தேன். பிரிண்ட் எடுத்தால் அடியில் தேதி விழும், க.அ. முதலில் பார்ப்பது அதைத்தான். பார்க்கப் பார்க்கக் குழப்பமாக இருக்கிறது என்று கீழே தேதி தெரிகிற பட்டையையும் ஒளித்துவிட்டேன். எனக்கு ஆடி, கம்ப்யூட்டருக்கு ஆனி. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பெட்டி இன்றும். எரிச்சல் போய் இப்போது அது முளைக்கும்போதெல்லாம் டிசைனை மூடிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் வந்து இறங்கியதும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இதுக்குப் போயா இவ்ளோ பயம்? அந்த நோட்டிபிகேஷன ஆஃப் பண்ணு, முடிஞ்சுது."

பண்ணிவிட்டேன். பெட்டி நின்றது.

ஆடி 11, ஞாயிறு

நின்றது பெட்டி மட்டும்தானே? சொல்லுகிற வாயைத்தான் மூடினேன். உள்ளே இருக்கிறது இருக்கத்தானே செய்யும்? முன்பாவது வந்தது தெரிந்தது. நேற்று முழுக்க வெறும் மூலையைப் பார்த்துக்கொண்டே முந்தானையில் ஒரு அன்னத்தின் கழுத்தை இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

நோட்டிபிகேஷனை மறுபடி ஆன் செய்தேன். உடனே முளைத்தது. அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வேறு. என்ன பிழைப்பு இது.

மத்தியானம் சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது திடீரென்று தோன்றியது. திங்கட்கிழமை என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது யார்?

சரளா.

டிசைன் சாஃப்ட்வேருக்கு லைசன்ஸ் முடிந்து, புது நம்பர் வாங்கியிருந்தேன். எனக்கு அதைப் போடத் தெரியாது. அவள்தான் வேலைக்குப் போகும் வழியில் வந்து போட்டுக் கொடுத்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். அன்று சாயங்காலம்தான் முதல் பெட்டி.

சே. இப்படி நினைப்பதற்கே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நினைப்பு போகவில்லை. போதாக்குறைக்கு அவர் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்கிறார், "நேத்து உன் ஃபிரெண்டு பஸ் ஸ்டாண்டுல அந்தக் கடை மேனேஜர்கூட நின்னு பேசிக்கினு இருந்துச்சு." அந்தக் கடை என்றால் போன வருஷம் சரளாவின் டிசைன் தொங்கிய கடை.

"எவ்ளோ நேரம்?"

"எனக்கு இன்னா தெரியும்? பஸ்ஸுக்கு ஓடிக்கினு இருந்தேன்."

பாதிச் சாதத்தோடு தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

ஆடி 12, திங்கள்

மேகம் கூடிக் கலைந்தது. புழுக்கம்.

இன்று செய்தவை:
பால்காரருக்குச் சொல்லியாயிற்று.
பார்டர் முடிந்தது.
பாஸ்வேர்டை மாற்றினேன்.

பழைய பாஸ்வேர்டு அவள் பெயரில் பாதி, என் பெயரில் பாதி. கம்ப்யூட்டர் கிளாஸில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மிஷின் கொடுத்தபோது வைத்தது. அப்புறம் வாங்கிய எல்லா மிஷினுக்கும் அதுவே. இன்று அதை அழித்துவிட்டு வாயில் நுழையாத ஏதோ ஒன்றை வைத்தேன்.

அவளே போன் செய்தாள். "இன்னாடி, ஆளையே காணோம்? சாயங்காலம் வரட்டா? முந்தானை எப்டி வந்துக்கினு இருக்குதுன்னு பாக்கணும்."

முந்தானையைப் பார்க்க வேண்டுமாம். முன்பெல்லாம் இதைக் கேட்டால் சந்தோஷம்தான் வரும்.

"வீட்ல விருந்தாளிங்கடி. இன்னொரு நாள் வா."

"யாரு?"

"அவரு சைட்ல."

"சரி சரி," என்றாள். நம்பின மாதிரிதான் இருந்தது.

ஆடி 14, புதன்

தைரியம் வரவழைத்துக்கொண்டு செட்டிங்ஸுக்குள் போனேன். தேடித் தேடி, தானாகத் தொடங்குபவை என்ற இடத்தில் அந்தக் குப்பைப் பெயர். பக்கத்தில் ஒரு பொத்தான், தள்ளினால் அணைகிறது. அணைத்தேன். நீக்கு என்று இன்னொன்றும் இருந்தது. அதையும் அழுத்தினேன்.

பெட்டி வரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஆன் செய்து பார்த்தேன், வரவில்லை. வாசல் வரை போய் வந்தேன், வரவில்லை.

நிம்மதி! ஒரு வாரம் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். அவருக்கு முட்டைப் பொரியல். முந்தானையில் மூன்று அன்னம் ஒழுங்காக உட்கார்ந்தன.

சரளா வைத்ததைத்தான் எடுத்துவிட்டேனோ? அவளிடம் கேட்பதா, தெரியாத மாதிரி இருந்துவிடுவதா? கேட்கமாட்டேன். இனி டிசைன் விஷயம் மட்டும் பேசாமல் இருந்தால் போதும். அப்படியும் ஒரு சிநேகிதம் இருக்கலாம்தான்.

ஆடி 15, வியாழன்

டிசைன் சாஃப்ட்வேர் திறக்கவில்லை.

சொடுக்கினால் ஒரு நொடி வெள்ளைத் திரை. பிறகு 'லைசன்ஸ் சரிபார்க்கும் சேவை கிடைக்கவில்லை.' அவ்வளவுதான். அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். பிள்ளையாரையும் கும்பிட்டேன். வெள்ளைத் திரைதான்.

முந்தானை உள்ளே. பார்டர் உள்ளே. வேறு எந்த சாஃப்ட்வேரிலும் அந்தக் கோப்பு திறக்காது. திங்கட்கிழமை அட்டை அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை க.அ. பிரிண்ட் பார்க்க வருகிறார்.

விற்றவர்களுக்குப் போன் போட்டேன். "சர்வீஸ் ஆளு ஊருக்குப் போயிருக்காருமா. திங்கக்கெழமைதான்."

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். டிசைன் திருட்டுப் போய்விடும் என்று பயந்து பயந்து கடைசியில் டிசைனே இல்லாமல் போகப் போகிறது.

இந்தச் சாஃப்ட்வேரை உள்ளும் புறமும் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். போனைக் கையில் எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கடைசியில் பேசினேன்.

"விருந்தாளிங்க போயிட்டாங்களா?" என்றாள்.

"போயிட்டாங்க."

"நாளைக்கு சாப்பாட்டு நேரத்துல வரேன். அழாதடி, வந்துடும்."

நான் அழவில்லை. அவள் சொன்ன பிறகுதான் அழுதேன்.

ஆடி 16, வெள்ளி

சரளா வந்தாள். ஷேர் ஆட்டோவில் வந்ததில் தலையெல்லாம் புழுதி. தண்ணீர் கேட்டாள், மோர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே அவளாகவே சொன்னாள்:

"போன வாரம் அந்தக் கடை மேனேஜரப் பாத்தேன். உங்க கண்ணாடியில தொங்குன டிசைன யாரு கொணாந்து குடுத்தாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்கய்யா, எம்மேல இருக்கிற பழி போவட்டும்னு கேட்டேன். பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு எவ்ளோ கெஞ்சினேன் தெரியுமா. வாயே தொறக்கலடி."

காலி டம்ளரை வாங்கி வைத்தேன்.

"சரி, மிஷின காட்டு."

நாற்காலியில் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு கேட்டது. என்னிடம் கேட்கவே இல்லை, விரல் தானாகவே பழையதைத் தட்டியது. தவறு என்றது. சிரித்தாள், "ஸ்பீடா அடிச்சிட்டேன்." மறுபடி ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக. தவறு.

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அது... அவர்தான் மாத்தச் சொன்னாரு," என்றேன். எப்பேர்ப்பட்ட பொய்.

அவள் எழுந்தாள். ஜன்னல் பக்கம் போய் நின்றாள். "நீ போடு. நான் இந்தப் பக்கமே பாத்துக்கினு இருக்கேன்."

போட்டேன். எனக்கே ஒரு முறை தப்பாகிவிட்டது. அவள் முதுகு அசையவில்லை. ஆச்சு என்று நான் சொன்ன பிறகுதான் திரும்பினாள்.

பிறகு வேலை மட்டும். நீக்கியதைத் திரும்பப் போட்டாள். சாஃப்ட்வேர் திறந்தது, கூடவே மூலையில் அந்தப் பெட்டி. "இதுதாண்டி," என்றேன். கூர்ந்து பார்த்தாள். கீழே ஒளித்திருந்த பட்டையை இழுத்தாள். தேதி தெரிந்தது.

"இன்னா இது? உன் மிஷின் ஆனியிலயே குந்திக்கினு இருக்குது?"

சொன்னேன். காய்ச்சல், முதல் புள்ளி, க.அ. எல்லாம். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சிரிக்கவில்லை.

"புது லைசன்ஸு ஆடியிலருந்துதான் செல்லும். மிஷினுக்கு ஆடியே பொறக்கல. லைசன்ஸ செக் பண்றதுக்குன்னு இந்த சாஃப்ட்வேரே ஒரு சின்ன புரோகிராம வெச்சிருக்குது. அது ஒவ்வொரு வாட்டியும் தேதி ஒத்துப்போவலன்னு மொதல்லருந்து தன்னையே சேத்துக்குது. சேத்துக்கினேன், சேத்துக்கினேன்னு உனக்கு சொல்லிக்கினே இருக்குது. திருடன் இல்ல வசந்தி. வாட்ச்மேன்."

வசந்தி. டி போட்டுத்தான் அவள் என்னிடம் பேசுவாள்.

தேதியைச் சரிசெய்தாள். அணைத்துப் போட்டோம். பெட்டி இல்லை. மறுபடி. இல்லை.

"பிரிண்டுல ஆடி விழுமே," என்றேன், அப்போதும் என் கவலை எனக்கு.

"பதினெட்டாந்தேதி எடு. ஆடிப்பெருக்கு. அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

சாப்பிடு என்றேன். நேரமாகிவிட்டதாம். மூலையில் கழற்றி வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். முந்தானை பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். திரையில் முழுசாகத் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

ஆடி 17, சனி

முந்தானை முடிந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. காட்ட ஆளில்லை.

சரளாவுக்குப் போன், எடுக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் சனிக்கிழமை கூட்டம் அதிகம். அதனால்தான் இருக்கும்.

ஆடி 18, ஞாயிறு

லேசான தூறல். எல்லார் வீட்டிலும் கலந்த சாதம், புளி வாசனை தெரு முழுக்க.

பிரிண்ட் எடுத்தேன். க.அ. வந்தார். அடியில் தேதியைப் பார்த்தார். "ஆடிப்பெருக்கன்னிக்கு எடுத்திருக்கியா? நல்லதுமா," என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்காகவா அத்தனையும்?

போகும்போது ரிசப்ஷன் சேலையும் நீயே போடு என்றார். சட்டென்று கேட்டுவிட்டேன், "சரளாவையும் சேத்துக்கட்டாமா?"

முகம் மாறியது. "அவளா? ஏதாவது ஆச்சுன்னா?"

"என் பொறுப்புமா. அவ அப்படிப்பட்டவ இல்ல." இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் சொன்னேன்.

பிரிண்டைச் சுருட்டினார். "உன் பொறுப்புதான்," என்றார்.

உடனே சரளாவுக்குப் போன். எடுத்தாள். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் பஸ் சத்தம், முசரவாக்கத்தில் அவள் வீட்டுக்குப் போகிற வழியில் இருந்திருப்பாள்.

"போடறேன். வேல வேணாம்னு சொல்ற நெலமையில நான் இல்ல," என்றாள். "பென் டிரைவ்ல போட்டு குடுத்து வுடு. உன் மிஷின்ல மட்டும் உக்காரமாட்டேன்."

வைத்துவிட்டாள்.

பாஸ்வேர்டைப் பழையபடியே மாற்றி வைத்தேன். அவள் பெயரில் பாதி, என் பெயரில் பாதி. அது அவளுக்குத் தெரியாது. அவள் வந்து உட்கார்ந்து தட்டினால்தான் தெரியும்.

காலையிலிருந்து பெட்டி வரவில்லை. மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.