எட்டாவது நாற்காலி

குடியரசின் இரண்டாம் ஆண்டு, பனி மாதம் பதினேழு, காலை.

அன்புள்ள மாப்பிள்ளை ரெமி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். மலைமேல் அந்த மரம் அறுக்கும் ஆலையில் குளிருக்கு அடக்கமாக நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் பாலாடைக்கட்டிக் கூடையின் அடியில், வைக்கோலுக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தது. கூடையைக் கொண்டுவந்த விதவை பெர்னுவா நாளை விடிந்ததும் திரும்பிப் போகிறாள். அதற்குள் பதில் எழுதியாக வேண்டும். பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. வீட்டுச் செய்தி.
2. எனக்கு வந்திருக்கும் உத்தரவு.
3. நீங்கள் ஒளிந்திருப்பதை விட்டு நீதிமன்றத்தின் முன் வந்து நிற்கலாம் என்பதும், அதற்கான கணக்கும்.
4. எந்த நாளில், எந்த வழியாக வருவது என்பது.

முதலாவது. ஒதிலியும் குழந்தையும் சுகம். குழந்தைக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. முதலில் என் விரலில்தான் கடித்துப் பார்த்தாள். உங்கள் அச்சுக்கூடத்துக் கதவில் வைத்த அரக்கு முத்திரை அப்படியே இருக்கிறது. ரொட்டி கறுப்பாகவும் ஈரமாகவும் கிடைக்கிறது, அதுவும் வரிசையில் நின்றால். கோயில் மணிகளைப் பீரங்கி வார்க்கக் கொண்டுபோன பிறகு நேரம் தெரிவதில்லை. ஐந்து நாட்களாகச் சதுக்கத்தில் தச்சர்கள் எதையோ அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. குழந்தை அந்தச் சுத்தியல் சத்தத்துக்குத் தூங்கப் பழகிவிட்டாள். சத்தம் நின்றால்தான் விழிக்கிறாள்.

இரண்டாவது. சீட்டுக் குலுக்கலில் என் பெயர் விழுந்து, புதிய நீதிமன்றத்தின் பன்னிரண்டு ஜூரிகளில் ஒருவனாக என்னைப் போட்டிருக்கிறார்கள். பீரங்கிப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் கணிதம் சொல்லிக்கொடுத்த காலத்தில்கூட, பின்வரிசையில் யாராவது இருமினால் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டவன் நான். என் ஆய்வுரையை அறிவியல் கழகத்தில் படிக்க அழைத்தபோது தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி வேறொருவரைப் படிக்கவைத்ததும் உங்களுக்குத் தெரியும். மறுக்க நினைத்தேன். எப்படி மறுப்பது என்று தெரியவில்லை.

பதிவு செய்யப் போனபோது ஜூரிகளின் தலைவர் பாபியோ இருந்தார். விக் செய்கிறவர். இப்போது விக் வைப்பார் இல்லாததால் கண்காணிப்புக் குழுவில் சேர்ந்துவிட்டார். இருபது ஆண்டுகள் என் விக்குக்கு மாவு பூசியபோது என்னை 'ஐயா' என்றவர். இப்போது எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றே கூப்பிட வேண்டும் என்பது விதி. "வா தாத்தா. ஜூரி, ஜூரின்னு ஒரு புஸ்தகமே போட்டியே, இப்ப நீயே ஒரு ஜூரி. எட்டாவது நாற்காலி உனக்கு. பயப்படாத, இங்க கூட்டல் தெரிஞ்சா போதும். கழித்தலை நாங்க பாத்துக்கறோம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று வீடு வரும்வரை யோசித்தபடி வந்தேன்.

மூன்றாவது, உங்கள் கேள்வி. கலகக்காரர்களின் அறிவிப்பை அச்சடித்தீர்கள் என்பது உங்கள் மேல் உள்ள குற்றச்சாட்டு. அதை அச்சடிக்கச் சொன்னது நகரசபை. சபையின் கையெழுத்திட்ட தாள் உங்களிடம் இருக்கிறது. அந்தத் தாளோடு நீதிமன்றத்தில் நின்றால் தப்பலாமா என்று கேட்டு, "மாமா, கணக்கு என்ன சொல்கிறதோ அதன்படி நடக்கிறேன். இருபதாம் தேதிவரை பதில் இல்லையென்றால் நானே இறங்கி வந்துவிடுவேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கு இதுதான். தெளிவான சான்று முன்னால் இருக்கும்போது ஒரு மனிதர் பத்தில் ஒன்பது முறை சரியாகத் தீர்மானிப்பார் என்று கொள்வோம். முன்பு தண்டிக்கப் பன்னிரண்டில் பத்துக் குரல் வேண்டும். இப்போது ஏழு போதும். ஏழு என்று வைத்தே போட்டுப் பார்த்தேன். குற்றமற்ற ஒருவர் தண்டிக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒன்று. நம் ஊர் ஜூரிகள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை, ஐந்தில் ஒருமுறை தவறுவார்கள் என்று வைத்தாலும் இருநூற்றைம்பதில் ஒன்றுக்குக் கீழேதான். மூன்று முறை சரிபார்த்தேன். இந்தக் கணக்கின் அட்டவணையை ஜூரிகளைப் பற்றிய என் புத்தகத்துக்காகப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் அச்சுக்கோத்தவர் நீங்கள்தான். உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் என் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. நல்லவேளையாக இன்றே ஒரு சோதனை வாய்த்திருக்கிறது. மணியடிக்கும் மார்சியால் குர்வோவின் வழக்கு எங்கள் முன் வருகிறது. போன கோடையில் கலகத்துக்கு ஆள் திரட்ட அபாய மணி அடித்தார் என்று புகார். அன்று தோல் பதனிடும் குரோசேவின் வைக்கோல் கொட்டகை பற்றி எரிந்தது. பட்டப்பகல். ஊரே ஆற்றிலிருந்து கொட்டகை வரை வரிசையாக நின்று வாளி மாற்றியது. நானும் நின்றேன். அவர் குற்றமற்றவர் என்பதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர் விடுதலையாவதைப் பார்த்துவிட்டு வந்து நான்காவதை எழுதுகிறேன். ஒதிலி என் மேலங்கியைத் துடைத்து வைத்துவிட்டு, "அப்பா, நல்ல சேதியோட வாங்க. அடுத்த வாரம் இந்நேரம் அவரு இந்த மேசையில உக்காந்து சூப் குடிக்கணும்" என்கிறாள்.

அதே நாள், மாலை.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் வழக்கப்படி எதையும் அடிக்கவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். வரிசை முக்கியம்.

பழைய மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நீதிமன்றம். பார்க்க வந்தவர்களால் சுவரோரம் நிறைந்திருந்தது. முந்தைய சட்டத்தில் ஒவ்வொரு ஜூரியும் தனியறைக்குள் போய் வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ பெட்டியில் போட்டுவிட்டு வருவார். அந்தப் பெட்டி இப்போது எங்கே என்று சேவகனிடம் கேட்டேன். "உருண்டையா? அதை வெச்சுப் பசங்க கோலி ஆடறாங்க, தாத்தா. இப்பல்லாம் எழுந்து நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாயால சொல்லணும்" என்றான். சட்டம் மாறியதைப் பத்திரிகையில் நானும் படித்திருந்தேன். உருண்டையால் சொன்னால் என்ன, வாயால் சொன்னால் என்ன, எண்ணிக்கை ஒன்றுதானே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மார்சியால் பயப்படவில்லை. ஏன் மணி அடித்தாய் என்று தலைமை நீதிபதி கேட்டதற்கு, "தீப்பிடிச்சா மணி அடிக்காம, புல்லாங்குழலா ஊதுவாங்க?" என்றார். கூடத்தில் சிரிப்பு. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இரண்டாவது நாற்காலியைப் பார்த்து, "குரோசே அண்ணே, உன் வைக்கோல்தானே எரிஞ்சுது? நீயே சொல்லேன்" என்றார். குரோசே தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து மார்சியால் என்னைப் பார்த்தார். "கணக்கு வாத்தியாரே, நீங்களும் வாளி தூக்கினீங்களே. பாதித் தண்ணியை உங்க செருப்புக்குள்ளயே ஊத்திக்கிட்டீங்க." மறுபடி சிரிப்பு. "'நீங்க' இல்ல, 'நீ'ன்னு சொல்லு" என்று பாபியோ திருத்தினார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஜூரிகளை எண்ணினேன். என்னையும் சேர்த்து ஆறு பேர் அன்று வாளி வரிசையில் நின்றவர்கள். என் அட்டவணையில் இப்படி ஒரு வழக்குக்கு இடமே இல்லை. அவ்வளவு நிச்சயமான வழக்கு.

முதலில் பாபியோ எழுந்தார். "குற்றவாளி" என்றார். சொல்லும்போது மார்சியாலைப் பார்க்கவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இரண்டாவது குரோசே. வெகுநேரம் தொண்டையைச் செருமினார். பாபியோவின் காலணியைப் பார்த்தபடி, "குற்றவாளி" என்றார். அவருடைய வைக்கோல், மாப்பிள்ளை. மூன்றாமவர் மருந்துக்கடைக்காரர், வாளி வரிசையில் எனக்கு வலப்பக்கம் நின்றவர். அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நான்காமவர் இன்னும் வேகம். ஆறாமவர் வந்தபோது எழுவதும் சொல்வதும் உட்காருவதும் ஒரே அசைவாகிவிட்டது.

ஏழாமவரும் சொல்லி உட்கார்ந்தார். அந்த நொடியில் என் மூளை கணக்குப் போட்டது. ஏழு ஆகிவிட்டது. இனி என் குரலால் எதுவும் மாறாது. கணக்கு சரிதான். ஆனால் மார்சியால் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். இல்லை என்று சொல்லத்தான் எழுந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் என் குரல் தடுக்காமல், தெளிவாக, பின்சுவர் வரைக்கும் கேட்டது. "குற்றவாளி" என்றது. எனக்குப் பின்னால் இருந்த நால்வருக்கும் நான் எட்டாவது காரணம் ஆனேன்.

மார்சியாலை அழைத்துக்கொண்டு போகும்போது என் நாற்காலியைக் கடந்துதான் போனார். சற்று நின்று, "செருப்பு காஞ்சுடுச்சா வாத்தியாரே?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, அக்கறையாகவா என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. நாளை முற்பகலில் சதுக்கத்தில் மரண தண்டனையை நிறைவேற்றுகிறார்கள்.

ஒதிலிக்குச் செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. கதவைத் திறந்தவள், "எல்லாரும்தானாமே. நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். சூப்பை என் முன்னால் வைத்தாள். பிறகு, "அவரை வரவேண்டாம்னு எழுதுங்க. நான் சொன்னதாவே எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

பதினோராம் பக்கம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? 'ஒவ்வொருவரும் தத்தம் எண்ணத்தின்படியே சொல்வர் எனக் கொள்வோம்' என்ற வரி. அதை அச்சுக்கோத்த அன்று கையெல்லாம் மையோடு வந்து, "ஐயா, பக்கத்துல இருக்கறவன் மூஞ்சியைப் பாத்துட்டுச் சொன்னா?" என்று கேட்டீர்கள். அப்போது நீங்கள் என் மருமகன் ஆகவில்லை. அதையும் சேர்த்தால் சமன்பாடு தீராது, அதனால் விட்டுவிட்டேன் என்று பதில் சொன்னேன். நீங்கள் தலையாட்டிவிட்டுப் போய் அச்சடித்தீர்கள். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் அட்டவணை முழுவதும் வெறும் தாள். அங்கே பன்னிரண்டு பேர் இல்லை. ஒருவர்தான் இருக்கிறார், பன்னிரண்டு வாயோடு. உங்களிடம் உள்ள கையெழுத்துத் தாள் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை அந்த வைக்கோல் கொட்டகையின் சாம்பலும்.

நான்காவதை நான் எழுதப்போவதில்லை. ஆலைக்காரர் சொன்னதாக நீங்கள் குறிப்பிட்ட கிழக்குப் பாதையில், ஸ்விஸ் கிராமங்களுக்குப் போய்விடுங்கள். இருபதாம் தேதிவரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே கிளம்புங்கள். வழி திறந்ததும் ஒதிலியையும் குழந்தையையும் அனுப்பிவைக்கிறேன். மாமனார் எட்டாவது நாற்காலியில் இருக்கிறாரே, அவராவது எழுந்து சொல்ல மாட்டாரா என்று எண்ணி மட்டும் வந்துவிடாதீர்கள்.

சதுக்கத்தில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. குழந்தை விழித்துக்கொண்டு அழுகிறாள்.

பனி உங்கள் காலடித் தடங்களை மூடட்டும். நீங்கள் நீண்ட காலம் வாழ வேண்டும். என்னை மன்னிக்க வேண்டாம், போனால் போதும். முதல் இரண்டும் நான் எழுதியபடியே உண்மை. மூன்றாவது தவறு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
அன்செல்ம் கூத்ரியே