நாற்பத்து நான்கு கண்கள்

அக்டோபர் 6, 1997, திங்கள்

இன்று காலை ஏழு நாற்பதுக்கு, நான்கு நாள் ஆலோசனைக்குப் பிறகு, அன்னாசிப்பழத்தைக் கைவிடுவதென்று முடிவு செய்தேன். இனி லிச்சிதான். விளைவுகளை முழுதும் உணர்ந்து, சுயபுத்தியுடன் எடுத்த முடிவு என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். என் வீட்டுக்காரர் மயில்சாமி அப்போது ஒரு கையில் டையும் ஒரு கையில் இட்லியுமாக நியூயார்க் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தார். சொன்னேன். "சரி அம்மிணி" என்று போய்விட்டார். போர் அறிவிப்பைக் கேட்ட முகமாகத் தெரியவில்லை.

மகள் ஓவியாவின் இரண்டாம் வகுப்பு டீச்சர் கடிதம் அனுப்பியிருக்கிறார். பேய் வேஷம் கட்டும் ஹாலோவீன் பார்ட்டிக்கு இந்த வருஷம் மிட்டாய் கிடையாது. உடம்புக்கு நல்லதாகவும் பார்க்கப் பண்டிகைக் களையோடும் பழத்தில் ஏதாவது செய்து தர விருப்பமுள்ள பெற்றோர் பெயர் கொடுக்கலாம். இருபத்திரண்டு குழந்தைகள். பெயர் கொடுத்தது நான் ஒருத்திதான்.

அந்த இருபத்திரண்டில் ஒருவன் தீபக். மாடி வீட்டு விசாலாக்ஷியின் மகன்.

அக்டோபர் 7

ஆத்திரத்தில் எழுதக் கூடாது என்று நேற்று அதோடு நிறுத்தினேன். இன்றும் ஆத்திரம் அப்படியே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

மார்ச் மாதம். கீழே கார் நிறுத்துமிடத்தில் தீபக் ஸ்கேட்டிங் பழகிக்கொண்டிருந்தான். "என்ன அழகா ஓட்டறான் பாருங்க" என்றேன். நான்கே வார்த்தை. ஐந்தாவதற்கு அவன் அவகாசம் கொடுக்கவில்லை. விழுந்தான், இடது கை முறிந்தது, ஆறு வாரம் கட்டு.

ஐஸ் கொண்டு ஓடியவள் நான். ஐஸை விசாலாக்ஷி வாங்கிக்கொண்டாள். மறுநாள் லாண்டரி அறையில், நான் வாசலில் நிற்பது தெரியாமல், பக்கத்து வீட்டு மீனாக்ஷியிடம் சொன்னாள்: "அவ கண்ணு கொள்ளிக்கண்ணு. என் கொழந்தைக்குக் கண்ணு வெச்சுட்டா."

அன்று முதல் இந்தப் பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்தில் என் கண்ணுக்கு ஒரு பதவி. என்னைக் கண்டால் குழந்தைகளைத் தள்ளிவரும் ஸ்ட்ரோலர்கள் திரும்பிக்கொள்கின்றன. பிள்ளைகளின் முகத்தை முந்தானை மூடுகிறது. மீனாக்ஷியின் ரைஸ் குக்கரை எப்போதோ ஒரு முறை நன்றாக இருக்கிறதென்று சொன்னேனாம், அதுவும் போய்விட்டதாம். ஈரோட்டில் ஆறு வருஷம் கல்லூரியில் தமிழ் நடத்தியிருக்கிறேன். நான் பார்த்து ஒரு பிள்ளையும் விழுந்ததில்லை, பரீட்சையில் தவிர.

அக்டோபர் 9

தீபக்கின் பிறந்தநாள் நவம்பர் எட்டாம் தேதி. கட்டடத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் அழைப்பு அட்டை வந்துவிட்டது. ஓவியாவுக்கு வரவில்லை. வகுப்பில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தீபக் அவள் பெயர் எழுதி ஒரு அட்டை வைத்திருந்தானாம். அம்மா எடுத்துவிட்டாளாம். காரணத்தையும் அவனே சொல்லியிருக்கிறான், குழந்தைகளுக்கு ஒளிக்கத் தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஓவியா கேட்டாள்: "அம்மா, ஆர் யூ எ விட்ச்?"

இல்லை என்றேன்.

"ஓகே" என்று சாம்பார் சாதத்தைத் தொடர்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் இவ்வளவு கெட்டவளாகியிருக்க மாட்டேன்.

கண் வைத்தேன் என்றாளா? வைக்கிறேன். ஆளுக்கு இரண்டு வீதம் நாற்பத்து நான்கு. அவள் பெற்ற பிள்ளை அதைத் தன் கையாலேயே எடுத்துத் தின்பான்.

அக்டோபர் 15

ஒத்திகை. டின்னில் வரும் லிச்சி கொட்டை நீக்கியது, நடுவில் குழி. அந்தக் குழிக்கென்றே படைத்தது போல கருநீல ப்ளூபெர்ரிப் பழம். பல்குத்தும் குச்சியை மாதுளைச் சாற்றில் தோய்த்து, வெள்ளைச் சதையில் மெல்லிய சிவப்பு நரம்புகள் இழுத்தேன். தூக்கம் கெட்ட கண் போல இருந்தது. என் கண்ணே மாதிரி.

இதற்குத் துணைப்படைகளும் உண்டு. தோலுரித்த சிறிய ஆரஞ்சின் தலையில் செலரித் தண்டு ஒரு துண்டு செருகினால் பூசணிக்காய். பாதி வாழைப்பழத்தை நிறுத்தி உலர்திராட்சையில் கண்ணும் வாயும் வைத்தால் பேய். டின் லிச்சியின் பாகைக்கூட வடித்துக் கழுவிவிட்டேன், மேலே சேர்த்த சர்க்கரை துளிகூட இல்லை. பழிவாங்குவதிலும் பல்லுக்குக் கெடுதல் வரக் கூடாது.

மாதிரிக்கு ஆறு கண் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். மயில்சாமி பால் எடுக்கப் போனவர் பால் இல்லாமல் திரும்பினார். "ஏம்மிணி, உள்ளே யாரோ பாத்துட்டிருக்காங்களே."

அக்டோபர் 22

ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடையில் லிச்சி எட்டு டின். ஏதாவது விசேஷமா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 27

வேஷத்துக்கு ஓவியா என்ன வேண்டுமென்றாள் தெரியுமா? சூனியக்காரி. கறுப்புத் துணி எடுத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். தொப்பி மட்டும் நேராக நிற்கவில்லை.

அக்டோபர் 30, தீபாவளி

வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஏழே முக்காலுக்கு மயில்சாமி ஆபீஸ், எட்டு மணிக்கு ஓவியா பள்ளிக்கூடம். பண்டிகை முடிந்தது.

சாயங்காலம் விசாலாக்ஷி வீடு வீடாக முறுக்குத் தட்டு கொடுத்தாள். மாடியிலிருந்து செருப்புச் சத்தம் இறங்கியது. பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. எங்கள் வாசலைக் கடந்தது. எதிர் வீட்டு வாசலில் நின்றது.

நான் ப்ளூபெர்ரியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஓவியா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்புச் சத்தத்தை இப்படியா உட்கார்ந்து கேட்பாள் ஒருத்தி? கேட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

முழுதும் எழுத வேண்டும். எதையும் விடக் கூடாது.

இரண்டு மணிக்குப் பார்ட்டி. கண் தட்டை மேசை நடுவில் வைத்தேன். குழந்தைகள் முதலில் அலறின, பிறகு வரிசையில் நின்றன. பூசணிகளும் பேய்களும் மரியாதையாகக் காலியாயின, கண்கள் பறந்தன. ஆளுக்கு இரண்டு என்ற கணக்கை முதலில் மீறியவன் தீபக். தீயணைப்பு வீரன் வேஷத்தில் வந்து ஒன்பது தின்றான். நான் எண்ணினேன். ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்: மிகுந்த சந்தோஷம். வீட்டில் இன்னொரு தட்டு, முப்பது கண், சாயங்காலம் வேஷம் போட்டு வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்காக வைத்திருந்தேன்.

நான்கு மணிக்கு தீபக் படியேறும்போதே கத்தினான், ஓவியா அம்மாவின் கண்ணில் ஒன்பதைத் தின்றுவிட்டேன் என்று. மாடிக் கதவு சாத்திக்கொண்டது.

அடுத்து நடந்தது நான் திட்டமிட்டதல்ல. சாமி சத்தியமாக.

விளக்கு வைத்து, ஆபீஸ் போனவர்களெல்லாம் திரும்பிய நேரத்தில் அவள் பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றினாள். உப்பும் காய்ந்த மிளகாயும் மூன்று சுற்று சுற்றி நெருப்பில் போட்டால், நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது, நெடி வந்தால் படவில்லை. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது கண்ணுக்கு ஒரு பிடி மிளகாய் போதாதென்று நினைத்திருப்பாள். பழுக்கக் காய்ந்த மின்சார அடுப்பு, குளிருக்குச் சாத்திய ஜன்னல்.

நெடி வந்தது. புகை அலாரமும் வந்தது. அதன் கூடவே கட்டடம் முழுக்க மணி அடித்தது. பன்னிரண்டு வீடும் இருமிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கியது. மயில்சாமி கிரீன் கார்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கண் தட்டோடு வந்தேன்.

தீயணைப்பு வண்டி இரண்டு. உள்ளே போன அதிகாரி கண்ணில் நீர் வழிய வெளியே வந்து, மேலே என்ன எரித்தீர்கள் என்று கேட்டார். விசாலாக்ஷியின் வீட்டுக்காரர் கஸ்தூரிரங்கன் தன் செருப்பைப் பார்த்தார். விசாலாக்ஷி "குக்கிங்" என்றாள். எந்தச் சமையல் இப்படி இருக்கும் என்றார் அதிகாரி.

ஆங்கிலமும் கொஞ்சம் வரும் என்பதால் நான் முன்னே போய் விளக்கினேன். சமையல் அல்ல, ஒரு டெஸ்ட். பிள்ளை மேல் யார் கண்ணாவது பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. பட்டிருந்தால் புகை நெடிக்காது. உங்களுக்கு நெடித்ததா?

அவர் இரண்டு முறை இருமிவிட்டு ஆமாம் என்றார்.

"அப்ப ரிசல்ட் நெகட்டிவ்" என்றேன். தமிழில், மீனாக்ஷி பக்கம் திரும்பி.

மீனாக்ஷியும் இருமிக்கொண்டுதான் இருந்தாள். எல்லோரும் இருமினார்கள். பன்னிரண்டு குடும்பங்களின் ஒருமித்த சாட்சி. அதிகாரி காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டார். விசாலாக்ஷி என் முகத்தைப் பார்த்தாள். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக, முந்தானையால் எதையும் மறைக்காமல். மிளகாயால்தானோ என்னவோ, அழுதுகொண்டிருந்தாள். எனக்கு இரக்கம் வந்ததா? இல்லை. கொஞ்சம் பசித்தது.

உள்ளே விட ஒரு மணி நேரமாயிற்று. அதுவரை பிள்ளைகளுக்குத் தின்ன என் தட்டு ஒன்றுதான். தடுக்க யாருக்கும் குரல் இல்லை.

நவம்பர் 1

மீனாக்ஷி கதவைத் தட்டி, ரைஸ் குக்கர் பழசுதான், எப்படியும் போயிருக்கும் என்றாள். காபி கொடுத்தேன். ஒரே ஒரு பிஸ்கட் வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

விசாலாக்ஷி வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்ல நான் அவசரப்படவில்லை.

"தீபக் ஒரே பிடிவாதம், ப்ரியா. பர்த்டேக்குக் கேக்கே வேண்டாங்கறான். அதான் வேணுமாம்."

"எதுங்க?"

"அதான்... அந்த லிச்சி ஐட்டம்."

"லிச்சியில நான் நெறைய பண்ணுவனுங்களே. எது?"

"உருண்டையா... நடுவுல கறுப்பா வெப்பேளே."

"அதுக்கு ஒரு பேர் இருக்குமே."

விசாலாக்ஷி தாழ்வாரத்தை இரண்டு பக்கமும் பார்த்தாள். எதிர் வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அது எனக்கும் தெரிந்தது.

"கண்ணு" என்றாள்.

"யாருக்கு என்ன பண்ணணும்னு முழுசா சொல்லுங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்." கண்ணைப் பற்றித்தான் ஊரே பேசிவிட்டதே, காதைப் பற்றியாவது நானே பேசலாம் என்றுதான்.

அவள் மூச்சை இழுத்து விட்டாள். "என் கொழந்தைக்கு நீங்க கண்ணு வெச்சுத் தரணும்."

எட்டு மாதம். எட்டு மாதமாக இந்த வாக்கியத்துக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். எதுகை மோனையோடு, சுத்தமான தமிழில்.

"எத்தனை?" என்றேன்.

"அறுபது." பிறகு படியில் பாதி ஏறி நின்று, "ஓவியாவை மூணு மணிக்கு அனுப்புங்கோ. அட்டையை தீபக்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன், தருவான்" என்றாள்.

நவம்பர் 8, சனி

அறுபது கண்கள். மூன்று மணிக்கு ஓவியா தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சூனியக்காரி தொப்பியும் போட்டுக்கொண்டாள். ஆறரைக்குத் திரும்பினாள். தட்டில் முறுக்கு இருந்தது.