முகட்டில் ஆடியவனும் நான் அணைத்த சூடமும்

என் கண்ணான தங்கச்சி செல்லத்துக்கு,

அவன் முகட்டில் ஆடினான், செல்லம். நானே பார்த்துவிட்டேன்.

திருச்சியில் சித்தி வீட்டுக்குப் போய்வந்து, இங்கிலீஷ் படம் பார்த்த கதையை நீ கிணற்றடியில் சொன்னாயே, அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை. "வெள்ளக்காரன் வெளக்கமாத்தக் கட்டிப்புடிச்சு ஆடுறான்க்கா. பூட்சு சத்தம் தவிலு மாதிரி கேக்குது. அப்புறம் செவுத்துல ஏறி, முகட்டுல தலகீழா ஆடுறான்!"

உன் மாமியார் குடத்தை இறக்கிவைத்து, தண்ணி எடுக்க வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள். "பல்லி மாதிரியா? இவ படத்துக்கே போகலடி. எங்கிட்டுப் போயிட்டு வந்து கதை விடுறாளோ!"

அந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. கூட வந்த சித்தியோ கொட்டகையில் தூங்கிவிட்டாள். அவள் சாட்சி எடுபடவில்லை. உன் புருசன் வாய் மூடி நின்றதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உன்னைத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று பயந்து, நான்தான் மாரியம்மன் முன்னால் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன்: என் தங்கச்சி சொன்னது அத்தனையும் நிசம். பார்க்காத படத்துக்குச் சத்தியம்! உன்னை வாழவிட்டார்கள். ஆனால் அந்தப் பழியைச் சுமந்துகொண்டே நீ மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாய்.

நீ பொய் சொல்லமாட்டாய். ஆனால் மனிதன் முகட்டில் நிற்பானா? இருட்டில் உன் கண் மயங்கியிருந்தால்? சத்தியம் பொய்த்தால் பிள்ளைகளைத்தானே அடிக்கும். என் பேத்திக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் என் உள்ளங்கை சுட்டது.

இத்தனை வருசம் கழித்து, போன வாரம் கீரனூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்தப் படத்துப் போஸ்டர். பூட்சு மேலே, தலை கீழே. புதுக்கோட்டையில் காலைக் காட்சியாம். உன் மாமியாரை விடுவேனா? "டவுனுக்கு வாங்க, ஒங்க கண்ணுக்கு மருந்து பாக்கலாம்" என்று கூட்டிப்போய்க் கொட்டகையில் உட்காரவைத்தேன்.

அவன் சுவரில் கால் வைத்ததும் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகட்டுக்குப் போனதும், "அடி ஆத்தே! விழுந்துறப் போறான், யாராச்சும் புடிங்கடா!" என்று கத்தினாள். கொட்டகையே சிரித்தது. நான் அழுதேன். மந்திரமோ, மிஷினோ, எனக்கென்ன? ஆடினான்.

திரும்பும்போது பஸ்ஸில், "பாவி மக நெசத்தத்தான் சொல்லிருக்கா" என்று முணுமுணுத்தாள்.

"அதக் கெணத்தடியில வந்து சொல்லுங்க" என்றேன்.

கிணற்றடிக்கு வந்து நாலு பேர் காதுபடச் சொன்னாள். நான் மன்னிக்கவில்லை, வெற்றிலை மட்டும் மடித்துக் கொடுத்தேன். உனக்குக் கேட்டதா, செல்லம்?

வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் அதே இடத்தில் உனக்காக ஒரு சூடம் ஏற்றுவேன். இந்தத் தடவை கை வைக்கமாட்டேன். அது தானாக எரிந்து முடியட்டும்.

உன் சொல்லுக்காகக் கை சுட்டுக்கொண்ட
அக்கா